இருளில் கடந்த காடு

பின்வரும் பயணக் கட்டுரையை வாசித்து, தொடர்ந்து வரும் கேள்விகளுக்கு விடை காண்க.

செப்டம்பர் மாத இறுதியில் ஒரு நாள், அமெரிக்காவில் வாழும் எங்கள் மகளிடமிருந்து சில படங்கள் வந்தன. அவளும் மருமகனும் அந்நாட்டின் மேற்கு மாநிலங்களை மகிழுந்தில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கே அது இலையுதிர் காலம். கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவில் மரங்களின் இலைகள் பொன்னிறமாக மாறியிருந்தன. அதற்கு வடக்கே உள்ள யெல்லோஸ்டோன் பூங்காவில் வெந்நீர் ஊற்று ஒன்று வானை நோக்கிப் பீறிட்டது. 1872ஆம் ஆண்டில் உருவான யெல்லோஸ்டோன்தான் உலகின் முதல் தேசியப் பூங்கா என்று மகள் எழுதியிருந்தாள். "அப்பாதான் ஓய்வு பெற்றுவிட்டாரே! நீங்கள் இருவரும் எங்காவது போய் வாருங்கள், அம்மா," என்றும் எழுதியிருந்தாள்.

படங்களை என் கணவரிடம் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம் நாட்டிலும் தாமான் நெகாரா இருக்கிறது. முப்பது ஆண்டுகள் அந்தப் பக்கமாகத்தான் கோத்தா பாருவுக்கு லோரி ஓட்டினேன். ஆனால், எல்லாம் இரவுப் பயணம். காட்டை ஒரு நாளும் பார்த்ததில்லை," என்றார்.

நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். அதற்குள் போய்வர வேண்டும் என்று முடிவு செய்தோம். அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு விடியற்காலை அம்பாங்கிலிருந்து புறப்பட்டோம். என் கணவர் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். "எங்கே போனாலும் இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்." இரவெல்லாம் வண்டி ஓட்டிப் பழகியவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று எனக்கு அப்பொழுது விளங்கவில்லை.

நாங்கள் வாழும் அம்பாங்கும் ஒரு காலத்தில் காடாகத்தான் இருந்தது. 1857ஆம் ஆண்டில் ஈயம் தேடி 87 சீனத் தொழிலாளர்கள் இங்கு வந்தார்கள். ஒரே மாதத்தில் அவர்களுள் 69 பேர் காய்ச்சலுக்குப் பலியாயினர். அன்று காடு மனிதனை அச்சுறுத்தியது. இன்றோ, அதே இடத்தில் அடுக்குமாடிகளும் அங்காடிகளும் நிறைந்திருக்கின்றன. காட்டைக் காண நாங்கள் நான்கு மணி நேரம் பயணம் செய்ய வேண்டியிருக்கிறது.

கோம்பாக்கைக் கடந்து கரக் நெடுஞ்சாலையில் ஏறினோம். கெந்திங் செம்பா சுரங்கப்பாதையைத் தாண்டியதும் பனிமூட்டம் மலைச்சரிவுகளை மூடியிருந்தது. பெந்தோங், கரக், தெமர்லோ எனப் பகாங் மாநிலத்து ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தெமர்லோவில் இறங்கி, அவ்வூருக்குப் பெயர்பெற்ற பாத்தின் மீன் குழம்போடு சோறு சாப்பிட்டோம். பிறகு ஜெராண்டுட் வழியாகக் கோலா தஹானை அடைந்தபோது வெயில் இன்னும் தாழவில்லை.

கோலா தஹானில் தெம்பெலிங் ஆறு தேநீர் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றின் இக்கரையில் ஊர், அக்கரையில் காடு. கரையோரமாக மிதக்கும் உணவகங்கள் கட்டப்பட்டிருந்தன. சிறு படகு ஒன்று எங்களை அக்கரைக்குக் கொண்டு சேர்த்தது.

தாமான் நெகாராவின் பரப்பளவு 4,343 சதுரக் கிலோமீட்டர். அதாவது, சிங்கப்பூரைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு. பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலங்களில் அது பரந்து கிடக்கிறது. தீபகற்ப மலேசியாவின் மிக உயரமான மலையாகிய 2,187 மீட்டர் உயரமுள்ள தஹான் மலையும் அதற்குள்தான் இருக்கிறது. 1938, 1939ஆம் ஆண்டுகளில் இக்காடு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரில் தேசியப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது. விடுதலைக்குப் பிறகே தாமான் நெகாரா என்னும் பெயர் பெற்றது.

இப்பூங்கா அமைய வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடியவர் தியோடர் ஹப்பேக் என்பவர். அவர் தொடக்கத்தில் யானைகளையும் காட்டெருமைகளையும் சுட்டு வீழ்த்திய பெரும் வேட்டைக்காரர். பிற்காலத்தில் அதே விலங்குகளைக் காப்பதற்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்டார். எங்கள் வழிகாட்டி இதைச் சொன்னபோது என் கணவர், "வேட்டைக்காரரா?" என்று மறுபடியும் கேட்டார். வேறு எதுவும் பேசவில்லை.

மறுநாள் காலையில் காட்டுப் பாதையில் நடந்தோம். நிமிர்ந்து பார்த்தால் உச்சி தெரியாத அளவுக்குத் துவாலாங் மரங்கள் வளர்ந்திருந்தன. அவற்றின் கிளைகளில் மலைத்தேனீக்கள் கூடு கட்டுமாம். எங்கோ தொலைவில் ஓர் இருவாசிப் பறவை சிறகடித்துப் பறக்கும் ஓசை கேட்டது. பறவை கண்ணில் படவில்லை.

ஈரமான ஓர் இடத்தில் வழிகாட்டி குனிந்து நின்றார். சேற்றில் காலடித் தடங்கள் பதிந்திருந்தன.

"இது தாப்பிர். மலாயில் தெனோக் என்போம். முன்காலில் நான்கு விரல்கள், பின்காலில் மூன்று விரல்கள். நேற்று இரவு இந்த வழியாகப் போயிருக்கிறது," என்றார் அவர்.

என் கணவர் மெதுவாக உட்கார்ந்தார். அந்தத் தடத்தின் அருகே தம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். எழுந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

அன்று மாலை, ஆற்றங்கரையில் தேநீர் அருந்தும்போதுதான் அவர் என்னிடம் அதைச் சொன்னார். இருபது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மழை இரவு. கோலா லிப்பிஸைத் தாண்டி, காட்டுச் சாலையில் லோரி போய்க்கொண்டிருந்தது. விடிவதற்குள் கோத்தா பாரு சந்தையில் சரக்கை இறக்க வேண்டும் என்ற அவசரம்.

"ரோட்டில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. மழைத் தண்ணீரில் விளக்கு வெளிச்சம் பட்டிருக்கிறது என்று நினைத்துவிட்டேன். தாப்பிருக்கு முன்பாதியும் பின்கால்களும் கறுப்பு, நடுவுடல் மட்டும் வெள்ளை. இருட்டில் அது விலங்கு என்றே தெரியாது. பிரேக் போட்டேன், லோரி நிற்கவில்லை. இறங்கிப் பார்த்தால் பெண் தாப்பிர். ஓரத்தில் குட்டி ஒன்று நின்றது. உடம்பெல்லாம் கோடு கோடாக இருந்தது. என்னையே பார்த்தது. பிறகு காட்டுக்குள் ஓடிவிட்டது."

"ஏங்க, இத்தனை வருசமாக என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லவில்லையே?" என்றேன்.

"சொல்லி என்ன செய்ய?" என்றார்.

தாப்பிர் ஏறக்குறைய பதின்மூன்று மாதங்கள் கருவைச் சுமந்து ஒரே ஒரு குட்டியை ஈனும் விலங்கு. ஆகவே, சாலையில் ஒரு தாய் விலங்கு அடிபட்டால், அந்த இழப்பை ஈடுசெய்யக் காட்டுக்குப் பல ஆண்டுகள் வேண்டும். புலியின் நிலையோ இன்னும் கவலைக்குரியது. 2016 முதல் 2020 வரை நடத்தப்பட்ட முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டின் காடுகளில் 150க்கும் குறைவான புலிகளே எஞ்சியுள்ளன.

மூன்றாம் நாள் ஜெராண்டுட்டுக்குத் திரும்பினோம். அங்கிருந்து பெந்தா, கோலா லிப்பிஸ் வழியாக மெராப்போவை நோக்கிச் சென்றோம். இந்த வழியைத் தேர்ந்தெடுத்தவர் என் கணவரே. வழியில் உள்ள சுங்கை யூ என்னும் இடத்தைக் காண வேண்டும் என்றார். ஒரு பக்கம் தாமான் நெகாரா. மறுபக்கம் தித்திவங்சா மலைத்தொடரின் காடு. இரு பெருங்காடுகளையும் இணைக்கும் ஒடுக்கமான காட்டுப் பகுதி அது. அதன் நடுவேதான் நெடுஞ்சாலை செல்கிறது. விலங்குகள் சாலையில் ஏறாமல் கடந்து செல்வதற்காக அங்கே உயர்ந்த பாலங்கள் கட்டப்பட்டுள்ளன. வாகனங்கள் மேலே செல்லும். விலங்குகள் கீழே நடக்கும்.

பாதுகாப்பான ஓர் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினோம். பாலத்தின் பெரிய தூண்களுக்கு இடையே பச்சைப் புதர்கள் அடர்ந்திருந்தன. மேலே ஒரு லோரி இரைச்சலுடன் போனது. கீழே காடு அமைதியாக இருந்தது.

"அன்றைக்கு இந்தப் பாலம் இருந்திருந்தால்…" என்று தொடங்கிய என் கணவர் அத்துடன் நிறுத்திக்கொண்டார்.

பாலத்தைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். அவள் உடனே பதில் எழுதினாள். கிராண்ட் டீட்டன் பூங்காவில் கோடையைக் கழிக்கும் பிராங்ஹார்ன் மான்கள், இலையுதிர் காலத்தில் தெற்கு நோக்கிப் பயணம் செய்யுமாம். வழியில் டிராப்பர்ஸ் பாயிண்ட் என்னும் இடத்தில் அவை நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும். அங்கே மான்களுக்காகவே 2012ஆம் ஆண்டில் சாலைக்கு மேல் ஒரு பாலம் கட்டப்பட்டது. அங்கு விலங்கு மேலே, வாகனம் கீழே. "நீங்கள் பார்த்த பாலமும் இதுவும் உறவுக்காரர்கள், அம்மா," என்று அவள் எழுதியிருந்தாள்.

அம்பாங்கிற்குத் திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. ரவூப்பை நெருங்குமுன் இருட்டிவிட்டது. சாலையோரத்தில், விலங்குகள் கடக்கும் பகுதி என எச்சரிக்கும் மஞ்சள் பலகை விளக்கொளியில் மின்னியது. அதில் தாப்பிரின் உருவம் வரையப்பட்டிருந்தது. என் கணவர் வேகத்தைக் குறைத்தார். எல்லா இடங்களிலும் பாலம் கட்ட முடியாது. பாலம் இல்லாத இடத்தில் ஓட்டுநரின் கால்தான் பாலம் என்று எனக்குத் தோன்றியது.

பின்னால் வந்த லோரி ஒன்று விளக்கை அடித்து அவசரப்படுத்தியது. என் கணவர் கோபப்படவில்லை. இடம் கிடைத்ததும் ஓரமாக ஒதுங்கி அதற்கு வழிவிட்டார்.

"பாவம், அவனுக்கும் விடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். யாராவது அவனிடம் சொல்ல வேண்டும்," என்றார்.

அந்த லோரியின் சிவப்பு விளக்குகள் வளைவில் மறையும்வரை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, அதே வேகத்தில் வண்டியை ஓட்டத் தொடங்கினார்.

கருத்துணர் கேள்விகள்

1. இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று கணவர் நிபந்தனை விதித்ததற்குக் காரணம் என்ன?

2. தியோடர் ஹப்பேக்கின் வாழ்க்கை கணவரின் மனத்தை ஏன் தொட்டிருக்கும்? விளக்குக.

3. சுங்கை யூ பாலங்களும் டிராப்பர்ஸ் பாயிண்ட் பாலமும் எவ்வகையில் ஒத்திருக்கின்றன? எவ்வகையில் வேறுபடுகின்றன?

4. "பாலம் இல்லாத இடத்தில் ஓட்டுநரின் கால்தான் பாலம்" – இத்தொடரின் பொருளை உம் சொந்த நடையில் எழுதுக.

5. கணவர் அந்த லோரி ஓட்டுநரிடம் பேச வாய்ப்புக் கிடைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? ஓர் உரையாடலாக எழுதுக.