கதிர்காமப் பாதயாத்திரை: மூட்டை கட்டுமுன் செய்ய வேண்டிய சோதனைகள்

தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் புறப்பட்டுக் கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமம் சேரும் பாதயாத்திரைக்கு ஒன்றரை மாதத்திற்கு மேலாகும். தோட்டத் தொழிலை விட்டு அத்தனை நாள் செல்வது எல்லோர்க்கும் இயலாது. மடுல்சீமை, பசறை, லுணுகலைப் பகுதி அடியார்கள் மொனராகலை, சியம்பலாண்டுவை வழியாகப் பொத்துவில் சென்று, பாணமைக்கு அப்பால் உள்ள உகந்தை முருகன் ஆலயத்தில் யாத்திரையோடு சேர்ந்துகொள்ளலாம். அங்கிருந்து குமண, யால வனங்களூடாக நாலைந்து நாள் நடை. ஆடி விழாவை ஒட்டிக் குறிப்பிட்ட சில நாட்களுக்கே காட்டுப்பாதை திறக்கப்படும். ஆதலால் திகதியை விசாரித்த பின்பே லீவு கேட்க வேண்டும்.

காட்டுக்குள் கடைகள் இல்லை. சில இடங்களில் அன்னதானமும் தண்ணீரும் கிடைப்பதுண்டு. அதை மட்டும் நம்பிப் போகலாகாது.

தினமும் கொழுந்து சுமப்பவர்களுக்கு மூட்டை ஒரு பொருட்டா என்று தோன்றலாம். கொழுந்து நிறுவைக்குப் போனதும் முதுகு ஆறிவிடுகிறது. யாத்திரை மூட்டையோ நாள் முழுதும் இறங்குவதில்லை. கூடையின் பாரத்தைத் தலைக்கயிறு தாங்கும். மெல்லிய பட்டியுள்ள பை தோளை அறுக்கும். பட்டியின் மேல் பழைய துவாயைச் சுற்றித் தைத்துக்கொள்வது நல்லது. உடல் நிறையில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் சுமக்காதிருப்பது நலம். 54 கிலோ உள்ளவருக்கு அது 9 கிலோ. அதில் 3 லீற்றர் தண்ணீரே 3 கிலோ ஆகிவிடும். மிச்சம் 6 கிலோவுக்குள் உடுப்பு, உணவு, படுக்கை எல்லாம் அடங்க வேண்டும். கையால் தூக்கிப் பார்த்து மதிப்பிடாமல் கடைத் தராசில் வைத்தே நிறுக்க வேண்டும்.

பாதணி விடயத்தில்தான் மலைநாட்டார் ஏமாறுகிறார்கள். தேயிலைச் சரிவில் வழுக்காத செருப்பு மணலில் உதவும் என்று சொல்ல முடியாது. சரிவில் விரல் நுனி நோகும்; மணலிலோ வாரின் கீழ் மணல் புகுந்து தோலை உரிக்கும். மடுல்சீமையில் அத்தகைய மணல்வெளிக்கு எங்கே போவது? செருப்புக்குள் ஒரு பிடி மணலைப் போட்டு ஒரு மைல் நடந்தால் போதும், எந்த இடத்தில் உரசுகிறது என்று தெரிந்துவிடும். குமுக்கன் ஆற்றைக் கடக்க வேண்டியிருப்பதால், ஓடையில் நனைத்த பாதணியோடும் நடந்து பார்க்க வேண்டும். புறப்படும் வாரத்தில் புதுச் சப்பாத்து வாங்குவது வீண் செலவு மட்டுமல்ல, வீண் புண்ணும்கூட. வெறுங்காலோடு நடப்பதாக நேர்ந்தவர்கள் இரண்டு மாதம் முன்பிருந்தே பாதத்தைப் பழக்குவது அவசியம்.

குளிருக்குப் பழகிய உடம்பு உலர்வலய வெயிலில் எளிதில் சோரும். கம்பளி வேண்டாம், மெல்லிய போர்வையும் நுளம்பு வலையும் போதும். குளோரின் வில்லை போட்ட தண்ணீரை வீட்டிலேயே அரை மணி நேரம் வைத்துக் குடித்துப் பார்ப்பது நல்லது. அதன் வாடை பிடிக்காமல் சிறுவர்கள் தாகத்தோடு இருந்துவிடுவார்கள். ஜீவனிப் பொட்டலங்களை ஈரம் படாமல் தகர டப்பாவில் வைக்கலாம். வனத்துக்குள் பொலித்தீன் கொண்டு செல்லாதிருக்க, அவல், பொரிமா முதலியவற்றைத் துணிப்பையில் கட்டிக்கொள்ளலாம்.

கடைசியாக, முழு மூட்டையோடு மடுல்சீமையிலிருந்து பசறைக்கு ஒருநாள் நடந்து, மறுநாளும் அதே மூட்டையோடு திரும்பி நடக்க வேண்டும். முதல் நாள் தெரியாத கொப்புளம் இரண்டாம் நாள்தான் பேசும். வீடு வந்ததும் மூட்டையைப் பிரித்து, இரண்டு நாளும் கை படாத சாமான்களைத் தனியே எடுத்துவைக்கலாம். மருந்து, டோர்ச், ஊசிநூல் ஆகியவற்றைத் தவிர மற்றவை வீட்டிலேயே இருக்கட்டும்.