டர்போ: மாட்டிக்கொள்ளும் உதிரி அல்ல

அமாவாசை வந்தால் செஞ்சிச் சாலைகளில் வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற வரிசையில் பத்து வயதுக் காரும் நிற்கும், போன மாதம் எடுத்த காரும் நிற்கும். அப்படிக் கோயிலுக்குப் போய்விட்டு எங்கள் ஊர் தளவானூருக்கு வந்த உறவுக்காரப் பையன் ஒருவன், தன் பழைய பெட்ரோல் காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டான்: “சித்தப்பா, முன்னாடி போன சின்ன வண்டி அஞ்சு பேரை வெச்சுக்கிட்டே பறக்குது. டர்போவாம். நம்ம வண்டியிலயும் ஒண்ணு வாங்கி மாட்டிட்டா என்ன?”

கேட்டதில் தப்பில்லை. பட்டறை வாசலிலும் டீக்கடையிலும் கிடைக்கிற பதில்களில்தான் பாதி தப்பு. அந்த நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: டர்போ என்றால் வீணாய்ப் போகிற புகையிலிருந்து கிடைக்கும் இலவச சக்தி.

பாதி உண்மை. பெட்ரோல் எரிந்து வரும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியே வெப்பமாக வெளியேறுகிறது. அந்தச் சூட்டுப் புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையில் உள்ள சக்கரத்தால் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுவதுதான் டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஷி இதற்கு 1905-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார்.

டர்போ இல்லாத இன்ஜின், பிஸ்டன் கீழிறங்கும்போது உறிஞ்சுகிற காற்றோடு திருப்திப்பட வேண்டும். 2,240 மீட்டர் உயரத்து உதகைக்குப் போனால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. இழுவையும் கிட்டத்தட்ட அதே அளவு குறைகிறது. டர்போ வண்டிக்கு அந்தக் கஷ்டம் குறைவு.

ஆனால் காற்று மட்டும் எரியாது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாய் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். காற்றைக் கூட்டினால் அதே கணக்கில் பெட்ரோலையும் கூட்ட வேண்டும். கூடுதல் சக்தி வருவது அந்தப் பெட்ரோலிலிருந்துதான். புகையிலிருந்து இலவசமாய்க் கிடைப்பது காற்றைத் தள்ளுகிற வேலை மட்டுமே. அதுவும் முழு இலவசமில்லை: புகையின் வழியில் சக்கரத்தை வைத்தால், அதைத் தள்ளி வெளியேற்ற இன்ஜின் கொஞ்சம் கூடுதலாய் உழைக்க வேண்டும்.

நம்பிக்கை 2: நாலு போல்ட் முடுக்கினால் போதும், எந்த இன்ஜினும் டர்போ இன்ஜின் ஆகிவிடும்.

பணத்தையும் இன்ஜினையும் சேர்த்துக் காவு வாங்குகிற நம்பிக்கை இதுதான்.

ஒவ்வொரு இன்ஜினுக்கும் அமுக்க விகிதம் என்று ஒன்று உண்டு. பிஸ்டன் கீழே இருக்கும்போது உள்ள இடம், மேலே வரும்போது எத்தனையில் ஒரு பங்காகச் சுருங்குகிறது என்பது அது. டர்போ இல்லாத இன்றைய பெட்ரோல் இன்ஜின்களில் இது 10, 11 என்று இருக்கும். உறிஞ்சிய காற்றை மட்டும் நம்பிப் போட்ட கணக்கு அது. அதற்குள் முன்பே அழுத்திய, அழுத்தியதால் சூடேறிய காற்றைத் திணித்தால், பிளக் பொறி விடுவதற்கு முன்னோ, பொறி விட்ட தீ பரவி முடிவதற்குள்ளோ, மூலையில் கிடக்கும் கலவை தானாகவே வெடிக்கும். மெக்கானிக் இதை ‘நாக்கிங்’ என்பார். காதுக்கு டப்பாவுக்குள் கூழாங்கல்லைக் குலுக்கிய மாதிரி கேட்கும்.

அப்படி அடிவாங்கிய இன்ஜினைப் பிரித்தால் அது தன் கதையைத் தானே சொல்லும். பிஸ்டனின் தலையில், ஓரமாக, உளியால் கொத்தினதுபோல் சின்னச் சின்னக் குழிகள். ரிங் உட்காரும் திட்டு உடைந்திருக்கும். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுப்பொடி தூவினாற்போல் புள்ளிகள். அவற்றுள் மினுமினுப்பவை பிஸ்டனிலிருந்து உருகித் தெறித்த அலுமினியம்.

இதை உலகம் 1962-லேயே பார்த்துவிட்டது. அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் ‘ஜெட்ஃபயர்’ என்ற டர்போ காரை அந்த ஆண்டு கொண்டுவந்தது. அமுக்க விகிதம் 10.25. அதைக் குறைக்க மனமில்லாமல், நாக்கிங்கைத் தடுக்க மெத்தனாலும் தண்ணீரும் கலந்த திரவத்தை இன்ஜினுக்குள் தெளிக்க ஏற்பாடு செய்தார்கள். அதற்குத் தனித் தொட்டி. தீரத் தீர வாங்கி ஊற்ற வேண்டும். பலர் ஊற்றவில்லை. தொல்லை தாங்காமல் பல கார்களில் டர்போவையே கழற்றிப் போட்டார்கள். இரண்டே ஆண்டில் அந்தக் கார் நின்றுபோனது. பெரிய தொழிற்சாலைக்கே இந்தக் கதி.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். கோயம்புத்தூரின் ஜெயெம் ஆட்டோமோட்டிவ்ஸ், பந்தய வீரர் ஜெ. ஆனந்த் நடத்தும் நிறுவனம். அவர்கள் டாடா மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து 2018 அக்டோபரில் ‘டியாகோ ஜேடிபி’ என்ற காரை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். சாதாரண டியாகோவில் இருந்தது 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின், 85 குதிரைத்திறன். வேகமான டியாகோ வேண்டும் என்றதும் அந்த இன்ஜினில் டர்போவை மாட்டினார்களா? இல்லை. அதை அப்படியே விட்டுவிட்டு, டாடாவின் நெக்ஸான் காரில் டர்போவோடே வந்த 1.2 லிட்டர் இன்ஜினைக் கொண்டுவந்து வைத்தார்கள். 114 குதிரைத்திறன் கிடைத்தது. 100 கிலோமீட்டர் வேகத்தை 10 விநாடிக்குள் தொட்டது. முறுக்குவிசையை நெக்ஸானில் இருந்த 170 நியூட்டன் மீட்டரிலிருந்து 150-க்கு இறக்கினார்கள். கியர் விகிதங்களை மாற்றினார்கள், ஸ்பிரிங்கை இறுக்கினார்கள், டயரை அகலமாக்கினார்கள். பந்தயத்திலேயே ஊறிய கைகள், பின்னால் தொழிற்சாலையே நிற்கிறது. அவர்களே பழைய இன்ஜினைத் தொடவில்லை என்றால், அதில் நமக்குப் பாடம் இருக்கிறது.

ஒரகடத்தில் தயாராகும் நிசான் மேக்னைட்டும் இதையே சொல்கிறது. 2020 டிசம்பரில் வந்தபோது அதற்கு இரண்டு இன்ஜின்கள். இரண்டும் 999 சிசி, மூன்று சிலிண்டர். ஒன்று 72 குதிரைத்திறன், டர்போ உள்ளது 100. கடைக்காரர் சொல்வதைக் கேட்டால் ஒரே இன்ஜினில் டர்போ ஏறியது போலத் தோன்றும். அளந்தால் தெரியும்: ஒன்றின் சிலிண்டர் விட்டம் 71 மில்லிமீட்டர், மற்றதில் 72.2. சிசி ஒன்றாய் இருந்தாலும் பிறப்பு வேறு. டர்போ இன்ஜினின் சிலிண்டர் சுவருக்குக் கண்ணாடிபோல் வழுவழுப்பான தனிப் பூச்சும் உண்டு.

தளவானூர்க்காரர்களுக்கு இதை எளிதாய்ச் சொல்லலாம். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் இங்கே பாறையைக் குடைந்து எடுத்த சத்ருமல்லேசுவராலயம் நம் கண்முன் இருக்கிறது. தூண் எங்கே, மேலே மகர தோரணம் எங்கே என்பதெல்லாம் முதல் உளி விழும் முன்பே தீர்மானமானவை. குடைந்து முடித்தபின் ‘நடுவில் இன்னொரு தூண் இருந்தால் நன்றாக இருக்குமே’ என்றால் பாறை கேட்காது. டர்போவும் அப்படி, இன்ஜின் பிறக்கும் முன் எடுக்கிற முடிவு.

பிடிவாதமாக மாட்டுவதென்றால் பட்டியல் இது: புதிய மேனிஃபோல்ட், டர்போவுக்கு எண்ணெய் போகவும் திரும்பவும் குழாய்கள், சூடேறிய காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர், பெரிய இன்ஜெக்டர், கூடுதலாய்த் தள்ளும் பெட்ரோல் பம்ப், இன்ஜினின் கணினியான ஈசியூவுக்குப் புது மேப்பிங், அமுக்கத்தைக் குறைக்க வேறு பிஸ்டன். இவ்வளவுக்கும் பிறகு கிளட்ச் வழுக்கும். கியர்பாக்ஸ், ரேடியேட்டர், பிரேக் என்று செலவு வரிசை கட்டும். பழைய காரின் விலையை அந்தச் செலவு தாண்டிவிடும்.

நம்பிக்கை 3: டீசல் வண்டி என்றால் எதையும் தாங்கும்.

இதிலும் பாதி உண்மை. டீசல் இன்ஜின் காற்றை மட்டும் அமுக்கி, கடைசி நேரத்தில்தான் டீசலைப் பீய்ச்சுகிறது. அதனால் பெட்ரோலுக்கு வருகிற நாக்கிங் தொல்லை அதற்கு இல்லை. டாடா இண்டிகா இதற்கு நல்ல சாட்சி. 1998 கடைசியில் அது வந்தபோது 1,405 சிசி டீசலில் டர்போ கிடையாது. சுமார் 53 குதிரைத்திறன். பின்னாளில் அதே அளவு இன்ஜினுக்கு டாடாவே டர்போ வைத்து 60-ஐத் தாண்டியது.

ஆனால் அது தொழிற்சாலை செய்த வேலை. பட்டறையில் பழைய டீசலுக்கு டர்போவை மட்டும் மாட்டி, பம்ப்பைத் தொடாமல் விட்டால் இழுவை பெரிதாய்க் கூடாது. பம்ப்பைத் திருகி டீசலை அளவுக்கு மேல் கூட்டினால் கரும்புகையும் வரும், வெளியேறும் புகையின் சூடும் எகிறும். ஒருநாள் மேட்டில் லோடோடு ஏறும்போது பிஸ்டன் உருகும், அல்லது ஹெட் கேஸ்கெட் போகும்.

நம்பிக்கை 4: டர்போ போட்டால் மைலேஜ் கூடும்.

கம்பெனிகள் டர்போவால் மைலேஜ் பார்ப்பது வேறு வழியில். 1.5 லிட்டர் செய்கிற வேலையை 1 லிட்டர் இன்ஜினை வைத்துச் செய்ய வைக்கிறார்கள். சின்ன இன்ஜின் நிதானமாய் ஓடும்போது குறைவாய்க் குடிக்கும். தேவைப்படும்போது டர்போ கைகொடுக்கும். உங்கள் காரில் இன்ஜின் அதே அளவில்தான் இருக்கப் போகிறது. அமுக்க விகிதத்தைக் குறைத்திருந்தால் சாதாரண ஓட்டத்தில் மைலேஜ் இறங்கும். மிதித்து ஓட்டினால் இன்னும் இறங்கும். கையில் டர்போ இருந்தால் மிதிக்காமல் இருப்பவர் யார்?

நம்பிக்கை 5: சில ஆயிரம் ரூபாய்க்கு ‘எலக்ட்ரிக் டர்போ’ கிடைக்கிறது, அதுவே போதும்.

இதற்கு ஒரு கணக்கு போதும். 1.2 லிட்டர் இன்ஜின் 6,000 சுற்றில் ஓடும்போது நிமிடத்துக்குச் சுமார் 3,600 லிட்டர் காற்றை இழுக்கிறது. அந்தக் காற்றைப் பாதி மடங்கு கூடுதல் அழுத்தத்துக்குக் கொண்டுபோக நாலைந்து கிலோவாட் மின்சாரம் வேண்டும். 12 வோல்ட் பேட்டரியில் அது 300 ஆம்பியருக்கு மேல். உங்கள் காரின் ஆல்டர்னேட்டர் தருவது நூறைத் தொட்டாலே பெரிது. அந்தப் பெட்டியில் வருவதோ கம்ப்யூட்டருக்குள் ஓடுவது போன்ற ஒரு சின்ன விசிறி. உயர் வேகத்தில் அது காற்றைத் தள்ளாது; வழியை மறிக்கும். உண்மையான மின் கம்ப்ரஸருக்காக ஆடி நிறுவனம் 2016-ல் தன் எஸ்க்யூ7 காரில் தனியாக 48 வோல்ட் மின்அமைப்பையே வைத்தது.

நம்பிக்கை 6: பானெட்டுக்குள் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரள வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, 182ஏ பிரிவில் வண்டியின் சொந்தக்காரருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அங்கீகாரம் பெற்ற கேஸ் கிட் போன்றவற்றுக்குத் தனி வழி உண்டு. வீட்டில் மாட்டிய டர்போவுக்கு அந்த வழி இல்லை. ஆர்.டி.ஓ. பார்க்காமல் போகலாம். விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் பானெட்டைத் திறக்காமல் போகமாட்டார்.

நம்பிக்கை 7: டர்போ வண்டியை நிறுத்தும் முன் ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும்.

கம்பெனி டர்போ வைத்திருப்பவர்களுக்கு இது. டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. எண்ணெய்ப் படலம்தான் அதைத் தாங்குகிறது. மலையேறிய கையோடு சாவியைத் திருப்பினால் எண்ணெய் நின்று, அங்கேயே கருகிப் படியும். அரை நிமிடம், ஒரு நிமிடம் போதும். ஊருக்குள் மெதுவாய் வந்து நிறுத்தினால் அதுவும் தேவையில்லை. காத்திருப்பதைவிட, சொன்ன தரத்தில் எண்ணெயைச் சொன்ன நேரத்தில் மாற்றுவது முக்கியம்.

பையனின் காருக்கு அன்று என்ன செய்தோம்? ஏர் ஃபில்டரைக் கழற்றித் தரையில் தட்டினோம்; ஒரு கைப்பிடிச் செம்மண் விழுந்தது. டயர் நாலிலும் காற்று குறைவு. பிளக்குகள் தேய்ந்து கிடந்தன. பறக்காவிட்டாலும், நடக்க வேண்டிய நடையைக்கூட அந்த வண்டி நடக்கவில்லை.

ஆகவே வாசகர்களுக்குச் சொல்வது இதுதான். வண்டி இழுக்கவில்லை என்றால் முதலில் ஃபில்டர், பிளக், டயர் காற்று, கிளட்ச் பாருங்கள். பிறகு சிலிண்டர்களின் அமுக்கத்தை அளக்கச் சொல்லுங்கள். அவ்வளவும் சரியாய் இருந்தும் மனம் டர்போவையே கேட்டால், இருக்கிற காரை விற்றுவிட்டு டர்போவோடு பிறந்த காரை வாங்குங்கள். செலவும் அதில்தான் குறைவு, இன்ஜினும் பிழைக்கும்.