மாவு டப்பா மூடியும் கடலடி வெளிச்சமும்

குளியலறை ஜன்னலின் சொரசொரப்பான கண்ணாடியில், சொரசொரத்த பக்கத்தில் ஒரு கை தண்ணீரை அடித்துப் பாருங்கள். நனைந்த இடம் தெளிந்து, வெளியே நிற்கும் மரம் தெரிய ஆரம்பிக்கும். கடலுக்கடியில் படம் எடுக்கிறவர்கள் ஸ்ட்ரோப் எனப்படும் கடலடி ஃப்ளாஷுக்கு, ஒளியைப் பரப்பும் டிஃப்யூசரை வீட்டிலேயே செய்வதற்கு முன் இந்தச் சின்னச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது. அக்ரிலிக் தகட்டை உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்கினால் போதும் என்று பலர் சொல்வார்கள். மேசையில் வைத்து ஃப்ளாஷ் அடித்தால் பிரமாதமாகத்தான் இருக்கும். தண்ணீருக்குள் போனதும் அதன் வேலை பெருமளவு நின்றுபோகும்.

காரணம் பள்ளிக்கூட இயற்பியல். ஒளிவிலகல் எண் அக்ரிலிக்குக்குச் சுமார் 1.49, காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33. மேற்பரப்பிலுள்ள கீறல்கள் ஒளியைச் சிதறடிப்பது இந்த எண்களின் வித்தியாசத்தை நம்பித்தான். காற்றில் 0.49 ஆக இருக்கிற வித்தியாசம் தண்ணீரில் 0.16 ஆகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே மேல்தோல் மட்டும் மங்கிய பொருள் வேண்டாம். உள்ளும் புறமும் வெளுத்த, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் வேண்டும்.

அப்படிப்பட்ட பிளாஸ்டிக் நம் சமையலறையிலேயே கிடக்கிறது. மாவு டப்பா, ஐஸ்கிரீம் டப்பா இவற்றின் வெள்ளை மூடிகள் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். வெள்ளை கேன்கள் ஹெச்டிபிஇ. பியூஸ் போன பெரிய எல்இடி பல்பின் குவிந்த மூடி இன்னும் நல்லது. ஒளியைப் பரப்புவதற்கென்றே செய்த பொருள் அது. எங்கள் வீட்டில் எந்த டப்பாவின் மூடி காணாமல் போனாலும் முதல் விசாரணை என்னிடம்தான் நடக்கும். கடலடி ஃப்ளாஷ் என்பதே கைவேலையில் பிறந்ததுதான். 1890களில் பிரெஞ்சு விலங்கியலாளர் லூயி பூத்தான், ஒரு பீப்பாயின் தலையில் ஸ்பிரிட் விளக்கைப் பொருத்தி, அதன் சுடரில் மக்னீசியத் தூளை ஊதி எரித்து வெளிச்சம் உண்டாக்கினார். அதோடு ஒப்பிட்டால் நம் வேலை சுலபம்.

எந்த மூடி சரி என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நான் செய்வது இது. ஒரு வெள்ளை டைலை மொட்டைமாடித் தொட்டியின் அடியில் போட்டு, கேமராவை ஹவுசிங்கோடு தண்ணீருக்குள் அமிழ்த்தி, மேனுவல் அமைப்பில் மூடி இல்லாமல் ஒன்று, மூடியோடு ஒன்று எடுப்பேன். வெளிச்சம் 1 முதல் 1.5 ஸ்டாப் குறைந்தால் திருப்தி. 2 ஸ்டாப்புக்கு மேல் போனால் அந்த மூடி திரும்பச் சமையலறைக்கே. ஸ்ட்ரோபை எப்போதும் முழு வீச்சில் அடிக்க நேர்ந்தால் மறுபடி சார்ஜ் ஏறும்வரை காத்திருக்க வேண்டும், மீன் காத்திருக்காது. அதே படத்தில் நிறத்தையும் பார்த்துவிடலாம். சில வெள்ளைகள் லேசாக மஞ்சளடிக்கும். அதைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை. நீலக் கடலில் கொஞ்சம் இதமான வெளிச்சம் பின்னணி நீலத்தை இன்னும் எடுத்துக்காட்டும். பச்சையடிக்கிற மூடியை மட்டும் தொடாதீர்கள். இன்னொன்று: தண்ணீருக்கு வெளியே முழு வீச்சில் தொடர்ந்து அடித்துச் சோதிக்கக் கூடாது. சூடு வெளியேற வழியில்லாமல் ஸ்ட்ரோபும் கெடும், மூடியும் இளகும்.

பொருத்துவதில்தான் பலருக்குத் தகராறு. பழைய வெட்சூட்டின் நியோப்ரீனை வெட்டி வளையம் செய்வது அழகாக இருக்கும், கரையில் இறுக்கமாகவும் இருக்கும். ஆனால் நியோப்ரீன் என்பது காற்றுக் குமிழிகள் நிறைந்த ரப்பர். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்காகி, அந்தக் குமிழிகள் பாதியாகச் சுருங்கும். 20 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. வளையம் மெலிந்து பிடி தளர்ந்துவிடும். சைக்கிள் ட்யூபில் இந்தத் தொல்லை இல்லை. இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி மூடியின் விளிம்பையும் ஸ்ட்ரோபின் தலையையும் சேர்த்து மாட்டினால் ஆழத்திலும் அப்படியே நிற்கும். ஸ்லேவ் சென்சார், ஃபைபர் கேபிள் நுழையும் இடம் இவற்றை ட்யூப் மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விளிம்போரத்தில் 4 அல்லது 5 மில்லிமீட்டர் துளைகள் சில போடுவது கட்டாயம். உள்ளே காற்று தங்கினால் ஒளி கோணிப் போகும், ஸ்ட்ரோபின் கையும் மேலே தூக்கும். துளை இருந்தாலும் உட்புறத்தில் பொடிக்குமிழிகள் ஒட்டியிருக்கும். இறங்கியதும் ஒருமுறை மூடியைக் கழற்றி, விரலால் துடைத்து மாட்டிவிட வேண்டும். கழற்றும்போது கையைவிட்டு நழுவினால் பாலிப்ரொப்பிலீனும் ஹெச்டிபிஇயும் மேலே மிதந்து போய்விடும். அக்ரிலிக்கும் பாலிகார்பனேட்டும் அடியில் போய் உட்காரும். எப்படியானாலும் கடலில் இன்னொரு பிளாஸ்டிக். ஒரு நைலான் கயிற்றால் ஸ்ட்ரோபின் கையோடு கட்டிவிடுங்கள்.

டிஃப்யூசர் போட்டால் வெளிச்சம் மென்மையாகிவிடும் என்கிறார்கள். பாதிதான் உண்மை. நிழலின் ஓரம் மென்மையாவது ஒளிமூலத்தின் அளவையும் அது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. 10 சென்டிமீட்டர் மூடி, ஒரு சாண் தள்ளியிருக்கும் நுடிப்ராங்க் என்னும் ஓடில்லாத கடல்நத்தைக்கு வானம் மாதிரி. 1 மீட்டர் தள்ளி நிற்கும் களவாவுக்கு அது ஒரு புள்ளி. வைட் ஆங்கிள் படங்களில் டிஃப்யூசர் உண்மையில் செய்வது வேறு வேலை: ஒளியை ஓரங்கள்வரை பரப்பி, நடுவில் வெளுத்துப்போகிற திட்டைக் குறைக்கிறது. ஃபிஷ்ஐ லென்ஸ் 180 பாகை பார்க்கும்போது பல ஸ்ட்ரோப்களின் ஒளி சுமார் 100 பாகைக்குத்தான் விரிகிறது. ஆகையால் வைட் ஆங்கிளுக்குக் குவிந்த மூடி, மேக்ரோவுக்கு அகன்ற மூடி என்று தனித்தனியாக வைத்திருக்கிறேன். 20 சென்டிமீட்டர் அகலத்தில் நாமாகச் செய்துகொண்ட மூடியின் கீழே கணவாயின் தோல் பளபளப்புத் திட்டில்லாமல், புள்ளி புள்ளியாக நிறம் மாறுவதுவரை தெரியும். நீரோட்டம் இருக்கிற நாளில் அதைப் படகிலேயே விட்டுவிட வேண்டும். பாய் விரித்ததுபோல் இழுக்கும்.

நான் அதிகம் இறங்குவது புதுச்சேரிக் கடலில். அந்தமான் போல் தெளிவை எதிர்பார்க்க முடியாது. மிதக்கும் துகள்கள் எப்போதும் உண்டு. ஃப்ளாஷ் பட்டதும் அவை படம் முழுக்க வெள்ளைப் பொரியாக விழும். அதற்கு மருந்து டிஃப்யூசர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒளி அகலமாக விரிந்தால் லென்ஸுக்கு முன்னாலிருக்கும் துகள்களும் கூடவே ஒளிரும். டிஃப்யூசர் போட்டால் ஸ்ட்ரோப்களை இன்னும் வெளியே விரித்து, லென்ஸுக்கு முன்னாலுள்ள கண்ணாடியான போர்ட்டுக்குப் பின்னால் இழுத்து வைத்தாக வேண்டும். ஒளியின் ஓரம் மட்டும் மீனைத் தொட்டால் போதும். கலங்கல் அதிகமானால் நான் மூடியைக் கழற்றிவிட்டு, மீனை நெருங்குவேன். சிவப்பைத் தண்ணீர் வேகமாக விழுங்கும். 1 மீட்டர் தள்ளியிருக்கும் மீனுக்குப் போய்த் திரும்பும் ஒளி 2 மீட்டர் தண்ணீரைக் கடக்கிறது என்பதை மறந்துவிட்டு எந்த மூடி போட்டும் பயனில்லை.

குவிந்த மூடிகளில் ஓர் ஒளிக்கசிவும் உண்டு. பக்கவாட்டில் போகும் ஒளி நேராகக் கேமராவின் டோம் போர்ட்டில் விழுந்து படத்தை வெளுக்கச் செய்யும். கேமராவைப் பார்க்கிற பக்கத்தை மட்டும் கறுப்பாக்கிவிட்டால் போதும். ஆனால் பாலிப்ரொப்பிலீனில் பெயிண்ட் ஒட்டாது, சில முறை கடலில் இறங்குவதற்குள் உரிந்துவிடும், பசையும் அப்படித்தான். மிச்சமிருக்கும் சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டை வெட்டி, விளிம்புத் துளைகள் வழியாக மீன்பிடி நரம்பால் தைத்துவிடுங்கள். கரையேறியதும் நல்ல தண்ணீரில் ஊறவைக்கும்போது அந்தத் துண்டின் அடியையும் தூக்கிப் பிடித்துக் கழுவ வேண்டும். உப்பு முதலில் தங்குவது அங்கேதான்.