கோப்பை வந்த வருடத்துச் சட்டையா, கைநழுவிய வருடத்துச் சட்டையா?

2024 ஆகஸ்ட் 4 இரவு சேப்பாக்கத்தில் லைகா கோவை கிங்ஸை ஆறு விக்கெட் வித்தியாசத்தில் வீழ்த்தி, திண்டுக்கல் டிராகன்ஸ் தன் முதல் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) கோப்பையைத் தூக்கியது. இலக்கு 130, அதில் 52 கேப்டன் அஸ்வின் அடித்தது. இப்படி ஒரு வெற்றி வந்தால், பீரோ அடித்தட்டில் கிடந்த அணிச் சட்டைக்கும் கையெழுத்துப் பந்துக்கும் மறுநாளே ஒரு மரியாதை வந்துவிடும். வாங்கலாமா, வைத்திருக்கலாமா, சூடு இருக்கும்போதே விற்றுவிடலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோப்பை எல்லாப் பொருளின் விலையையும் கொஞ்சம் ஏற்றும். ஆனால் இன்ன ஆட்டம், இன்ன ஆள் என்று சொல்ல முடிகிற பொருளில்தான் அந்த ஏற்றம் நிற்கும்.

கடையில் தொங்கும் நகல் சட்டையில் அது நிற்காது. ஜெயித்த வாரத்தில் கேட்கிறவர்கள் கூடுகிறார்கள், சரி. சரக்கும் சேர்ந்து கூடுகிறதே! பக்கத்திலேயே திருப்பூர் இருக்கும்போது சட்டை அடிக்க எத்தனை நாள் ஆகும்? அதோடு, ஜெயித்த வருடத்துச் சட்டையை யாரும் தரை துடைக்கப் போடுவதில்லை. எல்லார் வீட்டிலும் மடித்து வைத்த பொருளுக்குப் பத்து வருடம் கழித்து யார் அதிகம் கொடுப்பார்கள்? நத்தம் மைதானத்துக்குப் போட்டுக்கொண்டு போக வாங்குங்கள். முதலீடு என்ற பேச்சு வேண்டாம்.

ஆட்டக்காரர் உடுத்தி ஆடிய சட்டை வேறு ஜாதி. ஆனால் அதை நிரூபிக்க வேண்டும். 1986 உலகக் கோப்பைக் காலிறுதியில் மரடோனா போட்டிருந்த சட்டையை, ஆட்டம் முடிந்ததும் தோற்ற இங்கிலாந்து அணியின் ஸ்டீவ் ஹாட்ஜ் மாற்றி வாங்கிக்கொண்டார். 2022 மே மாதம் சதபீஸ் ஏலத்தில் அது சுமார் 71 லட்சம் பவுண்டுக்குப் போனது. ஏலத்துக்கு முன்பே மரடோனாவின் குடும்பத்தார், அது கோல் அடித்த இரண்டாம் பாதியில் போட்ட சட்டை அல்ல, முதல் பாதியில் போட்டது என்று கிளப்பினார்கள். ஏல நிறுவனம் பழைய ஆட்டப் படங்களையும் துணியின் நுணுக்கங்களையும் ஒப்பிட்டுக் காட்டிய பிறகுதான் விலை நின்றது. ஒரே ஆள், ஒரே நாள், ஒரே ஆட்டம். ஆனாலும் எந்தப் பாதி என்பதில் கோடிகள் தொங்கின.

இந்தச் சோதனையை நாமும் செய்யலாம். டிஎன்பிஎல் ஆட்டங்கள் தொலைக்காட்சியில் வருபவை. "அண்ணே, இது ஃபைனல்ல போட்டது" என்று ஒருவர் சட்டையை நீட்டினால், ஆட்டத்தின் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஸ்பான்சர் பெயர்கள் இருக்கும் இடம், எண்ணின் ஓரம் தையலோடு சேரும் விதம், கறை, கிழிசல் எல்லாம் ஒத்துப்போகிறதா? துவைத்துப் பெட்டி போட்டு மணக்க மணக்க நீட்டினால் எனக்குச் சந்தேகம்தான் வரும். விற்கிறவருக்கு அது யார் கையிலிருந்து வந்தது என்பதை எழுதி வாங்க முடிந்தால், அந்தத் தாளுக்கும் சட்டையின் விலையில் பங்குண்டு.

செய்தியில் வரும் பெரிய விலைகளை வைத்து மட்டும் கணக்குப் போடாதீர்கள். 2011 உலகக் கோப்பை இறுதியில் தோனி ஆட்டமிழக்காமல் 91 அடித்து, சிக்சரோடு முடித்த மட்டை அதே வருடம் ஜூலையிலேயே லண்டனில் ஒரு லட்சம் பவுண்டுக்குப் போனது. 2020 ஜனவரியில் ஷேன் வார்னின் பச்சைத் தொப்பிக்குப் பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கிடைத்தது. இரண்டும் நிதி திரட்டும் ஏலங்கள். தோனியுடையது அறக்கட்டளைக்கு, வார்னுடையது காட்டுத்தீ நிவாரணத்துக்கு. அந்தத் தொகையில் பொருளின் விலையோடு கொடையும் கலந்திருக்கிறது. உங்கள் பந்தை வாங்க வருகிறவர் கொடையாளி அல்ல.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். திண்டுக்கல் தோற்ற வருடங்களைப் பாருங்கள். 2018 இறுதியில் மதுரை பாந்தர்ஸிடம் தோல்வி, 2019 இறுதியில் சேப்பாக் சூப்பர் கில்லீஸிடம் பன்னிரண்டு ஓட்டத்தில் தோல்வி. அந்த வருடங்களின் பொருளை யாரும் பத்திரப்படுத்தவில்லை. ஆனால் அப்போது டிராகன்ஸுக்கு ஆடிய ஜெகதீசன் 2022 நவம்பரில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 277 அடித்து, ஒருநாள் வகை உள்நாட்டு ஆட்டங்களில் உலக சாதனை படைத்தார். இன்னும் பின்னால் போனால் 2016. முதல் டிஎன்பிஎல்லில் டிராகன்ஸுக்குப் பந்து வீசிய சின்னப்பம்பட்டி நடராஜனை 2017 ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் மூன்று கோடிக்கு எடுத்தது; 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் அவர் டெஸ்ட் ஆடிவிட்டார். அந்த முதல் வருடத்தில் அவர் கையெழுத்துப் போட்ட பந்து ஒன்று யாரிடமாவது இருந்தால், அதன் மதிப்பு ஏறியதில் கோப்பைக்குப் பங்கே இல்லை. ஆட்டக்காரரின் வளர்ச்சிதான் ஏற்றியது.

ஆகவே 2024-இன் அணிக் கையெழுத்துப் பந்தும், பெயர் தெரியாத இளம் வீரர் கையெழுத்துப் போட்ட தோற்ற வருடத்துப் பந்தும் ஒரே விலைக்கு எதிரில் இருந்தால், பணம் பெருக வேண்டும் என்கிறவருக்கு நான் இரண்டாவதைக் காட்டுவேன். அதில் ஏமாற்றமும் அதிகம். பத்தில் ஒன்று பலித்தால் பெரிது. ஊர்ப் பெருமைக்காகச் சேர்க்கிறவருக்கு முதலாவதுதான் சரி. முதல் கோப்பை ஒருமுறைதான் வரும். இன்னும் மூன்று முறை ஜெயித்தாலும் 2024 முதல் கோப்பைதான். வெறும் அஸ்வின் கையெழுத்து வேறு விஷயம். 537 டெஸ்ட் விக்கெட்டுக்குச் சொந்தக்காரர் எத்தனை ஆயிரம் தாளில் போட்டிருப்பார்! 2024 இறுதி ஆட்டத்தின் பொருளில் அதே கையெழுத்து இருந்தால்தான் தனி மரியாதை.

2025 இறுதி நம் மண்ணிலேயே, நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் நடந்தது. திருப்பூர் தமிழன்ஸ் 220 குவித்து, 118 ஓட்ட வித்தியாசத்தில் நம்மைச் சுருட்டியது. அந்த நாளின் அச்சிட்ட டிக்கெட்டை நம்மூர்க்காரர் கசக்கிப் போட்டிருப்பார். திருப்பூருக்கு அது முதல் கோப்பை. அந்த டிக்கெட்டுக்கு ஆள் அங்கே இருக்கிறார். தோற்ற ஊரில் வாங்கி ஜெயித்த ஊரில் விற்பது இந்தத் தொழிலில் பழைய வழி. கைபேசியில் வந்த கியூஆர் குறியீட்டுக்கு மதிப்பில்லை என்பதால் தாள் டிக்கெட்டும் நுழைவு அட்டையும் வரவர அரிதாகும். விலை குறைவு, போலி செய்ய லாபம் குறைவு. புதிதாகச் சேர்க்கிறவர்கள் இங்கே தொடங்கலாம்.

கையெழுத்து மட்டையில் ஒரு பூதக்கண்ணாடி போதும். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சு. பேனா அழுத்திய தடம், கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடம் இவை தெரிய வேண்டும். ஒரே அணியில் பதினைந்து பேர் ஒரே பேனாவில் ஒரே சாய்வில் எழுதியிருந்தால் காசை உள்ளே வையுங்கள்.

விற்கிறவருக்கு நேரம் முக்கியம். நகல் சட்டை, தொப்பி, கொடி இவற்றைக் கோப்பை வந்த வாரத்திலேயே விடுங்கள். அடுத்த சீசன் தொடங்கியதும் புதுச் சட்டைதான் ஓடும். ஆட்டத்தோடு கட்டிப்போட்ட பொருளை அவசரத்தில் விடாதீர்கள். அந்த ஆட்டக்காரர் இந்திய அணிக்குப் போகும்போதும், ஓய்வு பெறும்போதும் மறுபடி ஒரு கேட்பு வரும்.

வைத்திருக்கிறவர்கள் டிக்கெட்டை லேமினேஷன் கடைக்கு மட்டும் கொண்டுபோக வேண்டாம். நம்மூரில் கல்யாணப் பத்திரிகை முதல் ரேஷன் கார்டு வரை லேமினேட் செய்யும் பழக்கம் இருக்கிறது. அந்தச் சூட்டில் பில் தாள் போன்ற தெர்மல் டிக்கெட் கறுத்துவிடும், மற்றத் தாளையும் பிறகு பிரிக்க முடியாது. பந்தையும் மட்டையையும் ஜன்னலோரக் கண்ணாடி அலமாரியில் வைத்தால் திண்டுக்கல் வெயில் மையைத் தின்றுவிடும். ஆடிய சட்டையைத் துவைக்காமல், நன்றாக உலரவிட்டு, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். பூட்டுக்கு நம்மூரில் பஞ்சமில்லை.