உறைபனியும் விசைப்படகும்

வெயிலுக்குப் பெயர்பெற்ற பாண்டி நாட்டில் வாழும் நாம் பனியைப் பகையாகக் கருதுவதில்லை. மார்கழியும் தையும் முன்பனிக் காலம் என்றும், மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம் என்றும் நம் முன்னோர் பெரும்பொழுதை வகுத்தனர். ஆயினும், வைகைக் கரையில் வாழ்வோர்க்குப் பனி என்பது புல்நுனியில் துளித்து நின்று, கதிரவன் எழுந்ததும் மறையும் நீரே. பனித்தல் என்னும் சொல்லுக்கு நடுங்குதல் என்ற பொருளும் உண்டு. அப்பொருளை உள்ளவாறு உணர்வதற்கு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை.

தைப்பூச நாளன்று மதுரை வண்டியூர்த் தெப்பக்குளத்தில், நீர் நிறைந்த ஆண்டுகளில், தெப்பம் மைய மண்டபத்தை வலம் வரும் காட்சியை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஏறத்தாழ அதே பருவத்தில், நம் சமவெளிக்கு வடமேற்கே ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கோடைக்கானலில் வேறொரு காட்சி தோன்றும். அங்குள்ள ஏரி, மதுரை மாவட்ட ஆட்சியராக விளங்கிய வீர் ஹென்றி லெவிஞ்ச் என்பவரால் 1863-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. முகில் இல்லாத சில இரவுகளில், அவ்வேரியை அடுத்த தாழ்ந்த புல்வெளி, விடியும்போது உப்புத் தூவினாற்போல் வெளுத்துக் கிடக்கும். இதனையே உறைபனி என்கிறோம். புல்வெளி உறைய, அருகிலுள்ள ஏரியும் அதில் மிதக்கும் படகுகளும் உறையாதிருப்பது ஏன்? இவ்வினாவிற்கு விடை கண்டால், குளிர் நாடுகளில் விசைப்படகைக் காக்கும் முறையும் விளங்கும்.

பெரும்பாலான பொருள்கள் குளிர்ந்தால் சுருங்கும். நீரும் 4 பாகை செல்சியஸ் வரையில் அவ்வாறே சுருங்கும். அதன் கீழே குளிருங்கால், அது விரியத் தொடங்கும். உறைந்து பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் நூற்றுக்கு ஏறத்தாழ 9 பங்கு பெருகும். இதனை நீங்களே கண்டறியலாம். பிளாஸ்டிக் குவளை ஒன்றில் பாதியளவு நீர் ஊற்றி, நீர்மட்டத்தில் மையினாற் கோடிட்டு, குளிர்ப்பெட்டியின் உறையறையில் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். காலையில் பனிக்கட்டி கோட்டைக் கடந்து நிற்கும். கண்ணாடிப் புட்டியில் நீரை நிறைத்து, மூடி வைத்து இதனைச் செய்தல் ஆகாது. விரிவதற்கு இடம் இல்லாத நீர், தன்னை அடைத்த கலத்தையே பிளந்துவிடும். இரும்பும் பித்தளையும் கூட அவ்வழுத்தத்தின்முன் நில்லா.

ஏரியில் மேற்புற நீர் குளிர்ந்ததும் கனம் மிகுந்து கீழிறங்கும். கீழுள்ள வெம்மையான நீர் மேலெழும். ஏரி முழுவதும் 4 பாகை அளவுக்குக் குளிர்ந்த பின்னரே மேற்பரப்பு உறைய இயலும். ஓரிரு இரவுக் குளிர் அதற்குப் போதாது. ஆதலின் நீரில் மிதக்கும் படகுக்கு அந்நீரே ஓரளவு போர்வையாகின்றது. கரையேற்றி நிறுத்திய படகுக்கோ அப்போர்வை இல்லை; குளிர்காற்று அதனை எப்புறமும் சூழ்ந்து, விரைவில் உறையச் செய்யும்.

கோடைக்கானல் ஏரியில் துடுப்பினால் செல்லும் படகுக்கு உறைபனியால் பெருங்கேடு இல்லை. அதனுள் அடைபட்ட நீர் இல்லாமையே அதற்குக் காரணம். பெரிய விசைப்படகின் நிலை வேறு. அதன் இயந்திரம் வெளியிலிருந்து நீரை உறிஞ்சித் தன் வெம்மையைத் தணித்துக் கொள்கின்றது. படகின் அடியிலுள்ள துளை வழியே புகும் நீர், ஒரு வால்வையும், வடிகட்டியையும், பம்பையும் கடந்து இயந்திரத்தை அடைந்து, பின்னர்ப் புகையோடு வெளியேறும். இயந்திரம் நின்ற பின்னும் இவ்வழி எங்கும் நீர் தேங்கி நிற்கும். குடிநீர்த் தொட்டியிலும், குழாய்களிலும், கழிப்பறையிலும் நீர் உண்டு. கடல்நீர் நன்னீரினும் சற்றுத் தாமதித்து, ஏறத்தாழ சுழிக்குக் கீழ் 2 பாகையில் உறையும். கடுங்குளிரில் இச்சிறு வேறுபாடு காவலாகாது.

குளிர் வழக்கமாக வரும் இடங்களில் மக்கள் அதற்கேற்ப ஆயத்தமாக இருப்பர். இலடாக்கில் 4,200 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ள பாங்காங் ஏரி உப்புநீர் ஏரியாயினும், பனிக்காலத்தில் உறைந்துவிடும். அங்கே நம் இராணுவத்தினர் சுற்றுக்காவலுக்கு விசைப்படகுகளைப் பயன்படுத்துகின்றனர். ஏரி ஆண்டுதோறும் உறையும் என்பதை அறிந்திருத்தலே அவர்கட்கு முதற்காவல். எதிர்பாரா இடத்தில் வரும் குளிரே பெருந்தீங்கு விளைப்பது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் வெம்மை மிக்கது. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அங்கே கடுங்குளிர் புகுந்தது. 16-ஆம் நாள் டல்லஸ் நகரில் வெப்பநிலை சுழிக்குக் கீழ் 19 பாகை அளவுக்கு இறங்கியது. மின்சாரம் பல நாள் தடைப்பட்டது. வீடுகளில் நீர்க்குழாய்கள் வெடித்தன. இருநூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மின்சாரத்தால் இயங்கும் வெப்பமூட்டியையே நம்புவது எத்துணைப் பேதைமை என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று. கடுங்குளிர் வரும் இரவிலேயே மின்சாரம் நின்றுவிடவும் கூடும் அன்றோ?

ஆகவே, படகைக் காக்கும் வழி இரண்டே: நீரை வெளியேற்றுக, வெளியேற்ற இயலாத இடத்தில் உறையாத நீர்மத்தை நிரப்புக. படகின் பின்புறம் வெளியே மாட்டிய இயந்திரமாயின், அதனை நேராகத் தாழ்த்தி நிறுத்தினால், உள்ளிருக்கும் நீர் பெரும்பாலும் தானே வடிந்துவிடும். உள்ளே அமைந்த இயந்திரமாயின், முதலில் நீர் புகும் வால்வை மூடி, வடிகட்டியிலும் பம்பிலும் உள்ள நீரை வடிக்க வேண்டும். உருண்டை வடிவான உட்பகுதியையுடைய வால்வை மூடும்போது, அதன் நடுத்துளையிலும் சிறிது நீர் சிறைப்பட்டு நிற்கும் என்பதை மறத்தல் கூடாது. இயந்திரத்தினுள்ளேயே சுற்றிவரும் நீரில் எத்திலீன் கிளைக்கால் என்னும் உறைதடுப்பு நீர்மத்தைக் கலப்பர். அது நீரோடு சரிபாதியாகக் கலந்தால், சுழிக்குக் கீழ் ஏறத்தாழ 37 பாகை வரையில் உறையாது. ஆனால் அது கொடிய நஞ்சு. குடிநீர்க் குழாய்களில் அதனை ஒருபோதும் ஊற்றலாகாது. அவற்றுக்கெனத் தனியே விற்கப்படும் தீங்கற்ற நீர்மத்தையே பயன்படுத்துதல் வேண்டும். மின்கலத்தையும் மறவாது மின்னேற்றி வைத்தல் நலம். மின் குறைந்த மின்கலம் எளிதில் உறையும். நிறைந்த மின்கலமோ கடுங்குளிரையும் தாங்கும்.

இத்துணையும் செய்யாது விட்டால் நேர்வது யாது? இங்கேதான் உறைபனியின் வஞ்சகம் விளங்குகின்றது. நீர் உறைந்த இரவில் வடிகட்டியோ குழாயோ வெடித்துவிடும். ஆயினும் அன்று ஒரு துளியும் கசியாது. வெடிப்பைப் பனிக்கட்டியே அடைத்து நிற்கும். படகு அமைதியாக மிதக்கும். உரிமையாளர் அதனைக் கண்டு, தீங்கு ஏதும் நேரவில்லை என்று மகிழ்வார். சில நாள் கழித்து வெயில் எழுந்து பனி உருகும். அடைப்பு நீங்கிய வெடிப்பின் வழியே வெளிநீர் இடைவிடாது உட்புகும். கடுங்குளிரில் மூழ்காத படகு, இனிய வெயிலில் மூழ்கிவிடும்! ஆதலின் குளிர் நீங்கிய நாளில் கண்ணுறங்காது படகின் அடிப்பகுதியைப் பார்வையிடுதல், குளிர்க்கு முன் செய்யும் காவலைப் போலவே இன்றியமையாதது.

மாணவர்களே! நம்மூர்க் குளத்தில் இவ்விடர் இல்லையே என்று நீங்கள் எண்ணலாம். மதுரையிற் பிறந்த இளைஞர் பலர் இன்று கப்பல்களிலும், குளிர் நாடுகளின் தொழிற்கூடங்களிலும் பணிபுரிகின்றனர். நாளை உங்களுள் ஒருவர் பொறுப்பில் ஒரு படகு ஒப்படைக்கப்படலாம். அப்பொழுது, முகிலும் காற்றும் இல்லாத தெளிந்த இரவைக் கண்டு அதன் அழகை மட்டும் வியந்து நில்லாதீர். அத்தகைய இரவில்தான் நிலம் தன் வெம்மையை விரைந்து வானிற்கு இழக்கும். உறைபனி வருவதும் அப்பொழுதே. வானிலை அறிவிப்பைக் கேளுங்கள். அந்திக்கு முன்னரே நீரை வடித்துவிடுங்கள். ஒரு நாழிகை உழைப்பைச் சோம்பலால் தவிர்த்தவன், ஆண்டுகள் பலவாக ஈட்டிய பொருளை ஒரே இரவில் இழப்பான். கேடு விளையும் காலமும் அது வெளிப்படும் காலமும் எப்பொழுதும் ஒன்றாக இருப்பதில்லை. வெளிப்படும்வரை காத்திருப்பவனுக்குப் படகு மட்டுமன்று, வேறெதுவும் எஞ்சாது.