இருவருக்கு மட்டும் ஒரு ராத்திரி சாப்பாடு

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போகப் போறீங்க. இந்த முறை மாட்டுப் பொங்கல் அன்னிக்கு ராத்திரி வீட்டில் ஒரு டின்னர் தயார் பண்ணுங்க. உங்களுக்கு இல்லை, ஃப்ரெண்ட்ஸுக்கும் இல்லை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மட்டும். ப்ராப்ளம் ஸ்டேட்மென்ட் ஒரே வரிதான்: எட்டு மணிக்கு ரெண்டு பேரும் எதிரெதிரே உட்காரணும், சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது.

சிரிக்காதீங்க. ரொம்ப கஷ்டமான கண்டிஷன் இது. உங்க வீட்டில் அம்மா கடைசியா அப்பாவோட சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது எப்போன்னு யோசிச்சுப் பாருங்க (கல்யாண வீட்டுப் பந்தியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது). நிறைய வீடுகளில் அப்பா சாப்பிடும்போது அம்மா தோசைக்கல் பக்கத்தில் நிற்பாங்க. அம்மா உட்காரும்போது அப்பா கை கழுவிட்டு டிவி முன்னாடி போயிருப்பார்.

இந்த ஒரு கண்டிஷனே பாதி மெனுவை முடிவு பண்ணிடும். தோசை, பூரி, சப்பாத்தி எல்லாம் அவுட். சூடா ஒண்ணு ஒண்ணா வந்துகிட்டே இருக்க வேண்டிய எதுவும் வேண்டாம். அதையெல்லாம் போட அடுப்பு பக்கம் ஒரு ஆள் நின்னுக்கிட்டே இருக்கணும். நீங்க நின்னாலும், "தள்ளு, நான் போடறேன்"னு அம்மா எழுந்து வந்துடுவாங்க. நமக்கு வேண்டியது ஒரே தடவையில் முடிஞ்சு, மூடி வச்சா சூடு தாங்குற ஐட்டம். அதனால் சீரக சம்பா சிக்கன் பிரியாணி, தயிர் வெங்காயம், சேமியா பாயசம். அசைவம் இல்லாத வீடுன்னா சிக்கனுக்குப் பதில் காளான், மத்தது அப்படியே.

ரெண்டு பேருக்கு அரிசி 1 டம்ளர் (200 மில்லி), சிக்கன் 300 கிராம், பெரிய வெங்காயம் 2, தக்காளி 1, பச்சை மிளகாய் 3, தயிர் 3 மேசைக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது 1 மேசைக்கரண்டி, புதினா கொத்தமல்லி ஒரு கைப்பிடி, பட்டை கிராம்பு ஏலக்காய் கொஞ்சம். தயிர், உப்பு, மஞ்சள் தூள், மிளகாய்த்தூள், விழுதில் பாதி எல்லாம் சேர்த்து சிக்கனை மத்தியானமே பிசறி ஃப்ரிட்ஜில் வச்சிடுங்க.

இங்கேதான் நம்ம ஆட்கள் கோட்டை விடுவாங்க. அத்தைகிட்ட போன் பண்ணி ஒரு கிலோ அரிசிக்கு அளவு கேட்டு, எல்லாத்தையும் ஆறால் வகுத்துடுவாங்க. அரிசி, கறி, உப்பு வகுபடும். தண்ணி வகுபடாது. ஆவியாகிற தண்ணி, அரிசியின் அளவைப் பொறுத்தது இல்லை. பாத்திரத்தின் வாய் எவ்வளவு அகலம், எவ்வளவு நேரம் திறந்திருக்கு என்பதைப் பொறுத்தது. பத்து பேருக்கான அண்டாவில் ஒரு டம்ளர் அரிசி போட்டா மெல்லிசா பரவி, மேலே வேகாமல் கீழே அடிப்பிடிக்கும். 3 லிட்டர் அளவில் அடி கனமான பாத்திரம் எடுங்க. சிக்கனும் தக்காளியும் விட்ட நீரோட சேர்த்து மொத்தம் 2 டம்ளர் வர்ற மாதிரி வெந்நீர் ஊத்துங்க.

அடுத்தது நேரம். 1950களின் கடைசியில் டூபாண்ட், ரெமிங்டன் ராண்ட் கம்பெனிக்காரங்க உருவாக்கின கிரிட்டிகல் பாத் மெத்தடை நாம பரீட்சைக்கு மட்டும் படிச்சு மறந்திருப்போம். இப்போ எடுங்க. வெங்காயம் நறுக்க 10 நிமிஷம், வதக்க 15, தக்காளி மசாலாவோட சிக்கன் 10, தண்ணி கொதிச்சு அரிசி முக்கால் பதம் வர 10, தம் 15, அடுப்பை அணைச்சு மூடியபடி 10. மொத்தம் 70 நிமிஷம். எட்டு மணியில் இருந்து பின்னாடி வந்தா, 6:50க்கு கத்தி கையில் இருக்கணும். அரிசி ஊற 30 நிமிஷம் போதும். அது பாத்திரத்துக்குள் போக வேண்டியது 35ஆவது நிமிஷத்தில். அதனால் அதுக்கு ஸ்லாக் 5 நிமிஷம்தான். நறுக்க ஆரம்பிக்கும்போதே ஊற வச்சிடுங்க. பாயசத்தை இந்தப் பாதையிலேயே சேர்க்காதீங்க. அரை லிட்டர் பால், 50 கிராம் வறுத்த சேமியா, 75 கிராம் சர்க்கரை. சாயங்காலம் ஆறு மணிக்கே முடிச்சுடலாம். ஆறினா கெட்டியாகும், கொஞ்சம் தண்ணியாவே இறக்குங்க.

இந்த 70இல் யாரும் குறைக்கப் பார்க்கிறது வெங்காயத்தின் 15 நிமிஷத்தைத்தான். குறைக்காதீங்க. வெங்காயத்தில் பெரும்பகுதி தண்ணி. அது இருக்கிற வரைக்கும் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது; நிறத்தையும் வாசனையையும் கொடுக்கிற மெய்லார்ட் வினை நல்லா வேகம் பிடிக்க 140 டிகிரி பக்கம் வரணும். ஒரு கிலோ தண்ணியை ஆவியாக்க சுமார் 2257 கிலோஜூல் வேணும்னு தெர்மோவில் படிச்சோமே, அடுப்பு அந்த நேரம் முழுக்க அதுக்குத்தான் உழைக்குது. தம் போடும்போது பாத்திரத்துக்கு அடியில் பழைய தோசைக்கல்லை வச்சு தீயைக் குறைங்க. சூடு ஒரே இடத்தில் ஏறாது.

தம்மும் அதுக்கப்புறம் மூடி வைக்கிறதும் சேர்ந்து 25 நிமிஷம் உங்க கை சும்மா இருக்கும். ரீல்ஸ் பார்க்க உட்காராதீங்க. பாத்திரம் கழுவுங்க. சிங்க்கில் ஒரு கரண்டி கிடந்தாலும் அம்மா கண்ணில் பட்டுடும். பாதி சாப்பாட்டில் எழுந்துடுவாங்க, நம்ம கண்டிஷன் காலி. கடைசி 5 நிமிஷத்தில் தயிர் வெங்காயம் கலந்து உப்பு போடுங்க. முன்னாடியே உப்பு போட்டா வெங்காயம் நீர் விட்டு மோர் ஆயிடும்.

மெழுகுவர்த்தி வேண்டாம். கரண்ட் போச்சான்னு இன்வெர்ட்டரைப் பார்க்க அப்பா எழுந்து போவார். அம்மாவுக்கு எட்டு மணிக்கு சீரியல் இருக்கான்னு முந்தின நாளே பார்த்துக்கோங்க. இருந்தா டின்னர் எட்டரைக்கு. தண்ணி, ஊறுகாய், கூடுதலா ஒரு கரண்டி எல்லாம் கை எட்டுற தூரத்தில் இருக்கணும். பரிமாற நீங்க நிற்காதீங்க. பாத்திரத்தை நடுவில் வச்சுட்டா அவங்களே ஒருத்தருக்கொருத்தர் போட்டுக்குவாங்க. அப்பா முதல் கரண்டியை யார் தட்டில் போடறார்னு பார்க்க ஆசையாத்தான் இருக்கும். பார்க்காதீங்க, போட்டோவும் எடுக்காதீங்க. தம்பி தங்கச்சியைக் கூட்டிக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிடுங்க. உங்க சாப்பாடு முன்னாடியே முடிஞ்சிருக்கணும், இல்லைன்னா "புள்ளைங்க சாப்பிடலையே"ன்னு அதுக்கும் எழுந்துடுவாங்க.

மீந்த பிரியாணியை ராத்திரி முழுக்க அடுப்பு மேலேயே விட்டுடாதீங்க. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியாவின் ஸ்போர்கள் கொதிநிலையையும் தாங்கும், வெதுவெதுப்பில் பெருகும். ரெண்டு மணி நேரத்துக்குள் அகலமான டப்பாவில் பரப்பி ஃப்ரிட்ஜில் வைங்க. காலையில் ஆவி பறக்க சூடு பண்ணினா உங்களுக்கு டிபன் ரெடி.