வெளியே தெரியாத காது மெஷின் வேண்டுமா?

திருச்சுழி, நரிக்குடிப் பக்கமிருந்து காது மெஷின் வாங்க அருப்புக்கோட்டைக்கோ மதுரைக்கோ போகிறவர்கள் பலர் கடையில் முதலில் சொல்வது, "வெளிய தெரியாததா ஒண்ணு குடுங்க" என்பதைத்தான். அப்படிக் கேட்பதில் தப்பே இல்லை. கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணுக்கும், ஜவுளிக் கடையில் நாள் முழுக்க ஆட்கள் முன்னால் நிற்பவருக்கும் அந்த ஆசைக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டியது. காதில் எவ்வளவு குறை என்பது முதலாவது. விரல் எவ்வளவு பிடிக்கும் என்பது இரண்டாவது.

செய்ய வேண்டியவை

● முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். குறும்பி அடைத்திருந்தாலே காது மந்தமாகும். அதை எடுத்தால் மெஷினே தேவைப்படாமல் போகலாம். சீழ் வடியும் காதுக்குத் துவாரத்தை அடைக்கும் மெஷின் ஆகாது. ஒரு காது மட்டும் திடீரென்று கேட்காமல் போனால் கடைப்பக்கமே போகாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் ஓடுங்கள். நாள் தள்ளத் தள்ளக் கேட்கும் திறன் திரும்புவது கடினமாகிவிடும். விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மதுரையில் ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது.

● ஆடியோகிராம் எடுத்து, அந்தத் தாளைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த மெஷின் என்பதைச் சொல்வது அந்தத் தாள்தான். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 20 முதல் 35 டெசிபலுக்குள் லேசான குறை, 35 முதல் 50 வரை நடுத்தரம், 65-ஐத் தாண்டினால் கடுமை. துவாரத்துக்குள் முழுதாக மறையும் மெஷின் லேசான, நடுத்தரக் குறைக்குத்தான் நன்றாகப் பொருந்தும். கடுமையான குறைக்கு அதன் சக்தி போதாது. சத்தத்தைக் கூட்டினால் 'கீ' என்று விசிலடிக்கும்.

தறிச் சத்தத்தில் ஆண்டுக்கணக்கில் நின்றவர்கள் இந்தத் தாளை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். இரைச்சல் தின்ற காதில் முதலில் போவது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சொலிகள். கனத்த ஒலிகள் பல வருஷம் நன்றாகவே கேட்கும். அதனால்தான் "சத்தம் கேக்குது, பேச்சு வெளங்கல" என்கிறார்கள். பத்து என்றாரா, பட்டு என்றாரா என்று அவர்களால் பிரிக்க முடியாது. இப்படிப்பட்ட காதின் துவாரத்தை ஒரு சின்ன மெஷினால் முழுக்க அடைத்தால், தன் குரலே பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் முழங்கும். இவர்களுக்கு என் சிபாரிசு, காது மடலுக்குப் பின்னால் ஒளியும் சிறிய உடலும், மெல்லிய கம்பியும், துவாரத்தில் ஓட்டை போட்ட மென்மையான மூடியும் கொண்ட வகை. முடியின் நிறத்தில் வாங்கினால், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவருக்கும் சட்டென்று தெரியாது.

● பேட்டரியை நீங்களே மாற்றிப் பாருங்கள். மிகச் சிறிய மெஷினில் மஞ்சள் ஒட்டு உள்ள 10-ஆம் எண் செல் போடுகிறார்கள். அதன் குறுக்களவு 6 மில்லிமீட்டர்கூட இல்லை; சில நாளில் தீர்ந்துவிடும். களை பறித்துக் காய்ப்புக் காய்த்த விரலுக்கும், கண்புரை விழுந்த கண்ணுக்கும் அது பெரும் பாடு. ஆரஞ்சு ஒட்டு உள்ள 13-ஆம் எண் பெரிது, அதிக நாளும் வரும். சார்ஜ் போடும் வகை இன்னும் சுலபம். மகன் ஊரில் இருக்கும்போது மட்டும் மாற்ற முடிகிற பேட்டரி, மற்ற நாளெல்லாம் காலிதான்.

● வேலை செய்யும் இடத்தை நினைத்துத் தேர்ந்தெடுங்கள். கரிசல் காட்டில் ஆடிக் காற்று அடிக்கும்போது, காதுக்குப் பின்னால் உள்ள மைக்கில் காற்றின் இரைச்சல்தான் முதலில் ஏறும். உள்ளே மறையும் மெஷினின் மைக் மடலின் மறைவில் இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. தலையில் துண்டு கட்டுகிறவருக்கும் அது வசதி. சிறிய மெஷினுக்கு உள்ள மெய்யான லாபம் இதுதான். தண்டட்டி போட்டு வளர்த்த காது எந்த வகைக்கும் தடையில்லை.

● பொருத்துகிறவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்டா என்று கேளுங்கள். மெஷினை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குள் ஒரு நடை நடந்து பாருங்கள். கடையின் அமைதியான அறையில் எல்லா மெஷினும் நன்றாகத்தான் கேட்கும்.

● அரசு உதவி கிடைக்குமா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இரு காதிலும் 60 டெசிபலிலிருந்துதான் குறைபாடு என்று கணக்கில் எடுக்கிறது. 60 வயது தாண்டிய ஏழைகளுக்கு, 2017-இல் தொடங்கிய ராஷ்ட்ரீய வயோஸ்ரீ யோஜனாவிலும் மெஷின் உண்டு. இலவசமாக வருவது பெரும்பாலும் காதுக்குப் பின்னால் மாட்டும் வகை. பெரிதாக இருக்கிறதே என்று அதை ஒதுக்க வேண்டாம்.

செய்யக்கூடாதவை

● ஆயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் வரும் சத்தப்பெருக்கியை வாங்காதீர்கள். பேச்சு, பாத்திரச் சத்தம், பஸ் ஹாரன் எல்லாவற்றையும் ஒன்றுபோல் பெருக்கும். மிச்சமிருக்கும் கேள்வித் திறனும் கெடலாம். அமெரிக்காவில் 2022 அக்டோபர் முதல் பரிசோதனைச் சீட்டு இல்லாமலே கடையில் மெஷின் விற்கிறார்கள். பேரன் அங்கிருந்து வாங்கி அனுப்பலாம். ஆனால் அது 18 வயதுக்கு மேற்பட்டவர்களின் லேசான, நடுத்தரக் குறைக்கு மட்டுமே என்று சட்டமே சொல்கிறது.

● இரண்டு காதிலும் குறை இருக்க, இருக்கிற பணத்தை எல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒரே மெஷினில் போடாதீர்கள். அதே விலைக்குச் சாதாரண மெஷின் இரண்டு வாங்கலாம். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு காதும் வேண்டும். ரோட்டைக் கடக்கும்போது இது உயிர் காக்கும்.

● எண்ணெய், பச்சிலைச் சாறு, கோழி இறகு, ஹேர்பின் எதையும் காதுக்குள் விடாதீர்கள்.

● வேர்வையோடு கழற்றி அப்படியே வைக்காதீர்கள். உலர்ந்த துணியால் துடைத்து, ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வையுங்கள். பைக் பெட்டியும் அடுப்பு மேடையும் ஆகாது. உள்ளே மறையும் வகையில் குறும்பி சீக்கிரம் அடைக்கும். அதன் வடிகட்டியை மாற்றக் கற்றுக்கொண்ட பிறகே கடையை விட்டு வாருங்கள். பழைய செல் குழந்தை கையில் கிடைக்கக் கூடாது.

● முதல் வாரத்தில் பிடிக்கவில்லை என்று பெட்டியில் பூட்டாதீர்கள். பல வருஷம் கேட்காத சத்தத்துக்கு மூளை பழகச் சில வாரம் ஆகும். வீட்டுக்குள் தினம் கொஞ்ச நேரம் போட்டுப் பழகி, அளவைத் திருத்த மறுபடி மறுபடி கடைக்குப் போகத்தான் வேண்டும். அதனால் போய்வர முடிகிற தூரத்தில் வாங்குங்கள்.

● கடைசியாக ஒன்று, வீட்டில் உள்ளவர்களுக்கு. "செவிட்டு மெஷின்" என்று சொல்லாதீர்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் தாத்தாவும் அத்தையும் தங்கள் காதுக்கு ஒத்துவராத குட்டி மெஷினைத் தேடிப் போகிறார்கள். அவர்களிடம் பேசும்போது டிவியைக் குறையுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், முகம் தெரிய எதிரில் வந்து நிதானமாகப் பேசுங்கள்.